வெக்கைக் கரையில் ஹீட்டர்

புதுமடத்தில் மீன் ஏற்றும் பிக்கப் வண்டியின் ஹீட்டர் கெட்டுப்போனால் அது மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. மன்னார் வளைகுடாக் கரையில் மார்கழிப் பின்னிரவில்கூடக் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டலாம். பழுது தெரியவருவது வண்டி மேற்கே போய் மலையேறும்போதுதான்.

அந்த மலைக்கும் இந்தக் கரைக்கும் ஒரே சாலை இருந்தது. கொச்சியில் புறப்பட்டு மூணாறு, போடி, தேனி, மதுரை, ராமநாதபுரம் வழியாக தனுஷ்கோடியை நோக்கி வந்த தேசிய நெடுஞ்சாலைக்கு நெடுங்காலம் 49 என்பது எண். 2010இல் எண்களை மாற்றியபோது மலைப்பகுதி 85 ஆனது, தனுஷ்கோடிப் பக்கம் 87 ஆனது. புதுமடத்து மீன் உச்சிப்புளிக்கு வந்து இந்தச் சாலையில்தான் ஏறுகிறது. கடல்மட்டத்தில் புறப்படும் வண்டி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாறுக்குப் போய்விடும். தை மாத விடியலில் அங்கே புல்மேல் உறைபனி படிவதுண்டு.

சாலைப் போக்குவரத்து இக்கரையில் மெதுவாகத்தான் வளர்ந்தது. 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்தபின் பாம்பன் தீவின் சரக்கு பெரும்பாலும் ரயிலையே நம்பியிருந்தது. தூரத்து ஊருக்குப் போன மீனில் பெரும்பங்கு கருவாடு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1988 அக்டோபர் 2ஆம் தேதி பாம்பன் சாலைப் பாலம் திறந்த பிறகுதான் லாரி தீவுக்குள் நேராகப் போய் ஐஸ் மீன் ஏற்ற முடிந்தது. புதுமடம் நிலப்பக்கம் இருப்பதால் பாலத்துக்காகக் காத்திருக்கவில்லை. ஆனாலும் தீவின் மீன் வண்டிகள் உச்சிப்புளி வழியே ஓடத் தொடங்கியதில் சாலையோரப் பட்டறைகளுக்குத் தொழில் பெருகியது. 2005இல் டாடா ஏஸ் வந்தது. இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினும் முக்கால் டன் சுமையும் கொண்ட அதற்குக் குட்டியானை என்றே பெயர் நிலைத்தது. லாரி வாங்க வசதியில்லாதவரும் சொந்த வண்டியில் மீன் ஏற்ற அது வழிவிட்டது. அதற்கு மேல் எடை தாங்கும் பிக்கப்புகள் மலைப் பாதைக்குப் போயின.

ஹீட்டர் குளிர் நாட்டுச் சாமான். அமெரிக்காவில் மார்கரெட் வில்காக்ஸ் என்பவர் 1893இலேயே ரயில் பெட்டிக்கான ஹீட்டருக்குக் காப்புரிமை பெற்றார். தொடக்ககால மோட்டார்களில் புகைக்குழாயின் சூட்டை வண்டிக்குள் திருப்பினார்கள். புகையும் கூடவே வரும் அபாயம் இருந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் சுடுநீரையே பயன்படுத்தும் முறை 1930களில் பரவி, இன்றுவரை நிலைத்திருக்கிறது. இந்தியாவில் பிக்கப் வண்டிகளின் மூதாதை ஜீப். 1940களின் இறுதியில் மஹிந்திரா இங்கே பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப், ஹீட்டரைப் பற்றிக் கவலைப்படாத போர்க்கால வண்டியின் வாரிசு. தென்னாட்டு ஓட்டுநருக்கும் மெக்கானிக்குக்கும் ஹீட்டர் கடைசிவரை அந்நியமாகவே இருந்ததில் வியப்பில்லை.

அந்த அந்நியத்திலிருந்து இரண்டு பட்டறை வழக்கங்கள் பிறந்தன. எஞ்சின் சூடேறுகிறது என்று வண்டி வந்தால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது ஒன்று. ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்து லூப் அடிப்பது மற்றொன்று. இரண்டும் அவசரத்துக்குச் செய்து நிரந்தரமானவை. தெர்மோஸ்டாட் என்பது மெழுகு அடைத்த சிறு வால்வு. தண்ணீர் ஏறக்குறைய 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரும்வரை ரேடியேட்டர் வழியை அடைத்து வைக்கும். அது இல்லாத எஞ்சின் மலைக்குளிரில் சூடேறாமலே ஓடும். டீசல் கூடுதலாகக் குடிக்கும், ஹீட்டரில் வெதுவெதுப்புக்கு மேல் வராது. எஞ்சின் முதலில் மிகையாகச் சூடேறியதற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் வேறு: தண்ணீர். ராமநாதபுரம் மாவட்டத்து நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பும் கடினமும் மிக்கது. கூலன்ட்டுக்குப் பதில் அதை ஊற்றிவந்தால் பாத்திரத்தில் படிவது போன்ற வெள்ளைச் செதிள் உள்ளே படியும், இரும்புத் துருவும் சேரும். ரேடியேட்டரைவிடச் சின்னக் குழாய்கள் கொண்ட ஹீட்டர் கோர் அடைபட இதுவே போதும். செம்பு, பித்தளை ரேடியேட்டர் இருந்த காலத்தில் மேல் தொட்டியைப் பிரித்து, கம்பி விட்டு அடைப்பெடுத்து, ஈயம் வைத்துப் பற்றிக் கொடுப்பதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். அலுமினியமும் பிளாஸ்டிக் தொட்டியும் வந்த பிறகு அந்த வேலை ஒடுங்கிவிட்டது. கோர் அடைத்தால் மாற்றுவதே வழி.

பழுதைக் கண்டுபிடிக்கக் கருவி அதிகம் வேண்டாம். எஞ்சின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து கூலன்ட் அளவைப் பார்ப்பது முதல் வேலை. சூடான எஞ்சினில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். அளவு குறைந்திருந்தால் ஒழுகும் இடத்தைத் தேட வேண்டும்; வண்டிக்குள் காலடி விரிப்பு ஈரமாகி, இனிப்பு வாடை வந்தால் கோரே ஒழுகுகிறது. பிறகு எஞ்சினை நன்றாகச் சூடேறவிட்டு, சுற்றும் விசிறியில் கைபடாமல் ஹீட்டர் ஹோஸ் இரண்டையும் தொட்டுப் பார்ப்பார் மெக்கானிக். இரண்டும் சுட்டும் உள்ளே குளிர்காற்றுதான் வருகிறது என்றால், சூட்டுக்காற்றைத் திருப்பும் கதவோ அதன் கேபிளோ சிக்கியிருக்கும். காற்றே வராவிட்டால் புளோயர், அதன் ஃபியூஸ், ரெசிஸ்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கடற்காற்றில் வயர் முனை பச்சை பூத்திருப்பது இக்கரையில் சாதாரணம். ஒன்று சுட்டு மற்றது ஆறிக் கிடந்தால் கோரில் அடைப்பு, அல்லது ஹீட்டர் வால்வு மூடியிருக்கிறது, அல்லது குழாயில் காற்று சிக்கிய ஏர் லாக். இரண்டுமே வெதுவெதுப்பு என்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி நின்றுவிட்டது, அல்லது யாரோ எப்போதோ கழற்றிவிட்டார்கள்.

ஏர் லாக்கை எடுக்க, ஆறிய வண்டியின் முன்பக்கத்தை மேட்டில் ஏற்றி நிறுத்தி, மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து எஞ்சினை ஓடவிடுவார்கள். குமிழி அடங்க அடங்க கூலன்ட் ஊற்ற வேண்டும். குமிழி அடங்காமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். அது பெரிய வேலை.

ஹீட்டர் குளிருக்கு மட்டுமல்ல. பனியில் முன்கண்ணாடி மங்கினால் அதைத் தெளியவைப்பது அதன் சூட்டுக்காற்றுதான். அதோடு ஹீட்டர் கோர் இன்னொரு சின்ன ரேடியேட்டர்: பாரத்தோடு போடிமெட்டு ஏறும்போது வெப்பமுள் சிவப்பை நெருங்கினால், ஹீட்டரை முழுதாகத் திறந்து புளோயரையும் போட்டால் எஞ்சினின் சூட்டில் கொஞ்சம் இறங்கும், வண்டியை ஓரம்கட்ட அந்த அவகாசம் போதும். லூப் அடித்த வண்டியில் அந்த வழியும் கிடையாது.