உயர்கல்வி: சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியே

பள்ளிப் படிப்புக்குப் பின் கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் பெறும் கல்வி உயர்கல்வி எனப்படும். கற்பித்தல், தேர்வு நடத்திப் பட்டம் வழங்குதல், புதிய அறிவைத் தேடுதல் ஆகியவை அதன் பணிகள். இவற்றுள் கடைசிப் பணி எத்தனை தாமதமாக வந்து சேர்ந்தது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வரலாறு காட்டுகிறது.

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை நகரங்களில் பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டபோது இலண்டன் பல்கலைக்கழகமே முன்மாதிரியாக இருந்தது. கல்லூரிகள் பாடம் நடத்தின. பல்கலைக்கழகம் தேர்வு மட்டும் நடத்தியது. சென்னையின் முதல் பட்டதாரிகளில் ஒருவர் யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளை. தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த பெரும்பணியை அவர் தம் சொந்த முயற்சியில்தான் செய்தார். அத்தகைய ஆய்வுக்குப் பல்கலைக்கழகத்தில் அன்று துறையே கிடையாது.

1904ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகங்கள் நேரடியாகக் கற்பிக்கவும் ஆராயவும் வழி திறந்தது. பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைச் சிற்றூர்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன் ஆகியவற்றைக் கணக்கெடுக்கச் செய்தார். அந்த ஆய்வு 1918இல் நூலாயிற்று. பல்கலைக்கழகமே வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது.

இவற்றின் உச்சம் ஜி. என். இராமச்சந்திரனின் இயற்பியல் துறை. 1952இல் பொறுப்பேற்ற அவர், தோலிலும் தசைநாணிலும் உள்ள கொலாஜன் புரதத்தின் அமைப்பைக் கண்டறிய முனைந்தார். மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திடமிருந்து கங்காரு வால் தசைநாணைப் பெற்று எக்ஸ் கதிர்ப் படங்கள் எடுத்தார். கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய சுருள் என்று அவரும் அவருடன் ஆய்ந்த கோபிநாத் கர்த்தாவும் 1954இல் முன்வைத்தனர். புரத மூலக்கூறு எந்தெந்தக் கோணங்களில் மடங்க இயலும் எனக் காட்டும் இராமச்சந்திரன் வரைபடம் 1963இல் வெளியானது. இன்றும் உலகெங்கும் புரத அமைப்புகளைச் சரிபார்க்க அது பயன்படுகிறது. பெரும் செல்வமுள்ள ஆய்வகம் அல்ல அது. கேள்வியைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை அங்கே இருந்தது.

அந்த உரிமை இணைப்புக் கல்லூரிகளை எட்டவில்லை. பெரும்பாலான மாணவர்கள் பயின்றது அங்கேதான். பாடத்திட்டமும் வினாத்தாளும் வெளியிலிருந்தே வந்தன. 1978இல் சில கல்லூரிகளுக்குத் தன்னாட்சி வழங்கப்பட்டது. வகுப்பில் நிற்கும் ஆசிரியரே பாடத்தை வகுக்கவும் வினாவை அமைக்கவும் அதன் பிறகே முடிந்தது.