தமிழ்த் திகில் படங்களும் நான்கு அச்சங்களும்

திகில் படம் என்றதும் வெள்ளைச் சேலை, விரித்த கூந்தல், கொலுசொலி, தானே திறந்து மூடும் சன்னல் ஆகியவைதாம் நினைவுக்கு வரும். இவை எல்லாம் இருந்தும் சற்றும் அச்சமூட்டாத படங்கள் உண்டு. இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் பல நாள் தூக்கத்தைக் கெடுக்கும் படங்களும் உண்டு. அப்படியானால் அச்சம் எங்கிருந்து பிறக்கிறது? 1960களிலிருந்து வெளிவந்த சில தமிழ்த் திகில் படங்களைக் கால வரிசையில் பார்த்து இதற்கு விடை காண முயல்கிறது இக்கட்டுரை. படங்களின் முடிவுகளும் இதில் பேசப்படுகின்றன.

தொல்காப்பியர் காட்டும் நான்கு

அச்சம் எதனால் தோன்றுகிறது என்பதைத் தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் வகைப்படுத்திக் கூறுகிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டு. அவற்றுள் அச்சம் நான்கு காரணங்களால் தோன்றும்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. அணங்கு என்பது பேய், தெய்வம் முதலிய வருத்தும் ஆற்றல்கள். கள்வர் என்பது தீத்தொழில் புரிவோர். இறை என்பது நமக்கு மேல் நிற்போர். தந்தை, ஆசிரியர், அரசர் போன்றோர்.

முதல் மூன்றும் எளிதில் விளங்கும். நான்காவதுதான் மாணவர்க்கு வியப்பளிக்கும். நம்மைக் காக்க வேண்டியவர் எப்படி அச்சத்துக்குக் காரணமாவார்? பிழை செய்தவன் தந்தையின் முன்னும் அரசனின் முன்னும் நடுங்குவதை எண்ணிப் பார்த்தால் இது புரியும். ஆனால் இங்கே இன்னொரு கேள்வி எழுகிறது. அந்தத் தந்தையோ அரசனோ பிழை செய்தால் அவர் யார் முன் நடுங்குவார்? தமிழ்ப் பேய்க் கதைகள் பலவும் இந்தக் கேள்விக்குத் தரும் விடை ஒன்றே: பேயின் முன்.

திரைக்கு முந்தைய பேய்கள்

திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் வழங்கும் நீலி கதை இதற்கு நல்ல சான்று. கணவனால் கொல்லப்பட்ட ஒரு பெண், அடுத்த பிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைப் பேயாகத் தொடர்கிறாள். கள்ளிக் கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தன்னைக் கைவிட்ட கணவன் இவன் என்று ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். வேளாளர் எழுபது பேரும் அவளை நம்புகிறார்கள். வணிகன் உயிருக்குத் தாங்கள் பொறுப்பு என வாக்குக் கொடுத்து அவளோடு அனுப்புகிறார்கள். அவன் கொல்லப்பட்டதும், சொன்ன சொல் தவறாமல் எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். பழி வாங்கும் பேயைப் போலவே, தம் தீர்ப்புக்குத் தாமே பொறுப்பேற்ற அந்த எழுபது பேரும் இக்கதையில் முதன்மையானவர்கள்.

நம் இலக்கியத்தில் பேய் எப்போதும் அச்சத்துக்கு மட்டும் உரியதன்று. மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டில் பேயின் ஆட்டத்தைக் கண்ட சார்ங்கலன் என்னும் சிறுவன் அஞ்சி உயிர் விடுகிறான். ஆனால் செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பசித்த பேய்கள் போர்க்களத்தில் கூழ் அடும் பகுதி நகைச்சுவைக்குப் பெயர் பெற்றது. அஞ்சவைக்கும் பேய், சிரிக்கவைக்கும் பேய் இரண்டுமே பின்னாளில் திரைக்கு வந்து சேர்ந்தன.

1960கள்: பேய்க்குப் பின்னே மனிதர்

ஸ்ரீதர் இயக்கிய ‘நெஞ்சம் மறப்பதில்லை’ 1963இல் வெளிவந்தது. பாழடைந்த ஜமீன் மாளிகையில், பூட்டிய அறையிலிருந்து ஒரு பெண்ணின் அழுகுரல் கேட்கிறது. கேட்ட இளைஞனுக்கு முற்பிறவி நினைவு திரும்புகிறது. அப்பிறவியில் அவன் ஜமீன்தாரின் மகன். எளிய குடும்பத்துப் பெண்ணைக் காதலித்தான் என்பதற்காக அவன் தந்தையே அந்தக் காதலை அழித்தார். நம்பியார் ஏற்ற அந்தத் தந்தை, மறுபிறவிக் காலத்திலும் தள்ளாத முதுமையில் உயிரோடு காத்திருக்கிறார். படத்தில் நாம் அஞ்சுவது அழுகுரலுக்குரிய பெண்ணை அன்று, அந்த முதியவரை. தொல்காப்பியர் சொன்ன ‘இறை’ இங்கே தந்தையாகவும் ஊராளும் ஜமீன்தாராகவும் ஒரே உருவில் நிற்கிறது.

இப்படத்தின் ஒளிப்பதிவாளர் ஏ. வின்சென்ட். அடுத்த ஆண்டே அவர் மலையாளத்தில், வைக்கம் முகம்மது பஷீரின் கதையைக் கொண்டு ‘பார்கவி நிலையம்’ படத்தை இயக்கினார். அதிலும் ஊரார் தற்கொலை என்று நம்பிய ஒரு பெண்ணின் சாவு கொலை என்பது வெளிப்படுகிறது. பேயைக் கண்டு ஊர் அஞ்சியது. பேய் சொல்ல வந்ததையோ யாரும் கேட்கவில்லை.

அதே காலத்தில் பேயே இல்லாத பேய்ப்படங்களும் வந்தன. ‘யார் நீ?’ (1966) ‘வோ கௌன் தீ’ என்ற இந்திப் படத்தின் தழுவல். மழை இரவில் வெள்ளைச் சேலையில் நின்று வண்டியை நிறுத்தும் பெண், எங்கிருந்தோ கேட்கும் பாட்டு, கல்லறை எனத் தொடங்கும் படம், எல்லாம் சொத்துக்காக நடந்த சூழ்ச்சி என்று முடிகிறது. ஏ.சி. திருலோகசந்தர் இயக்கத்தில் ஏவிஎம் வெளியிட்ட ‘அதே கண்கள்’ (1967) படத்தில் முகமூடி அணிந்த ஒருவன் குடும்பம் வாழும் வீட்டுக்குள்ளேயே நடமாடுகிறான். இவை அணங்கின் வேடத்தில் வந்த கள்வரின் கதைகள். திரை விலகியதும் பேயச்சம் நீங்கும். ஆனால் உடன் பழகும் மனிதரைப் பற்றிய ஐயம் நீங்காது.

வீணைக் கலைஞர் எஸ். பாலச்சந்தர் இயக்கிய ‘பொம்மை’ (1964) இன்னொரு பாடத்தைத் தந்தது. ஒருவரைக் கொல்ல வெடிகுண்டு வைக்கப்பட்ட பொம்மை தவறிப்போய்க் கைமாறிக்கொண்டே இருக்கிறது. பொம்மையை வைத்திருப்பவருக்கு உண்மை தெரியாது. பார்க்கும் நமக்குத் தெரியும். சட்டென்று வெடித்திருந்தால் அது ஒரு நொடி அதிர்ச்சி. வெடிக்கும் என்று தெரிந்து காத்திருப்பதோ படம் முழுதும் நீளும் அச்சம். திடுக்கிடுதலும் அஞ்சுதலும் வேறு வேறு என்பதை மாணவர்களுக்கு விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

1970களும் 80களும்: அணங்கு வருகிறாள்

1970களின் இறுதியில் பேய் உண்மையாகவே வரத் தொடங்கியது. துரை இயக்கிய ‘ஆயிரம் ஜென்மங்கள்’ (1978), நடிகை ஷீலா இயக்கிய ‘யட்சகானம்’ என்ற மலையாளப் படத்தின் தழுவல். காதலில் சேர முடியாமல் இறந்த பெண்ணின் ஆவி, காதலனின் மனைவி உடலில் புகுகிறது. அதே துரை அடுத்த ஆண்டில் ‘நீயா?’ படத்தைத் தந்தார். இதில் இணையை இழந்த பாம்பு பெண்ணுருக் கொண்டு பழி வாங்குகிறது. தொல்காப்பியரின் பட்டியலில் இது விலங்கு.

இரண்டிலும் துயருக்கு ஆளானது ஒரு பெண். இரண்டிலும் நாம் அஞ்ச வேண்டியவளாகக் காட்டப்படுவதும் அவளே. அவளுக்கு நேர்ந்த இழப்பு கதையின் தொடக்கத்தோடு பின்னுக்குப் போய்விடுகிறது; அவளை எப்படி விரட்டுவது என்பதே மீதிப் படமாகிறது. 1980களில் வந்த பல படங்களில் மந்திரவாதியும் பூசையும் இடம்பெற்றன. பேயை ஓட்டுவதோடு கதை முடிந்தது. அவள் இறக்கக் காரணமானவரைப் பற்றிய விசாரணை பெரும்பாலும் நடக்கவில்லை.

பேய் பேசும் மொழி

1993இல் பாசில் இயக்கிய ‘மணிச்சித்திரத்தாழ்’ என்ற மலையாளப் படம் இந்தப் போக்கை மாற்றியது. பூட்டிய அறையில் இருப்பது பேய் அன்று. மனநோய்க்கு ஆளான மருமகளின் துயரம் என்று அது விளக்கியது. ஆனால் அவள் தன்னை யாராக எண்ணிக்கொள்கிறாள் என்பதில் பழைய கதை அப்படியே இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்டு, தறவாட்டுத் தலைவரால் கொல்லப்பட்ட நாகவல்லி என்னும் ஆடற்பெண்ணே அவள் மனத்தில் புகுந்தவள். நாகவல்லி பேசுவது தமிழ்.

இக்கதை 2004இல் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ ஆனது. 2005இல் பி. வாசு அதைத் தமிழில் ‘சந்திரமுகி’யாக எடுத்தார். சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களுக்கு மேல் ஓடிய படம் இது. இங்கே வேட்டையன் என்னும் அரசனால் எரிக்கப்பட்ட சந்திரமுகி தெலுங்கில் பேசுகிறாள், தெலுங்கில் பாடுகிறாள். கன்னடப் படத்திலும் அவள் மொழி தெலுங்குதான். இந்தியில் ‘பூல் புலையா’ (2007) வந்தபோது அவள் வங்காளியானாள்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு மொழிக்காரரும் பேய்க்கு அடுத்த மொழியைக் கொடுத்திருக்கிறார்கள். தெரிந்த முகத்திலிருந்து தெரியாத மொழி வெளிப்படும்போது உடல் சிலிர்க்கிறது; நேற்றுவரை நம்மோடு உண்டு உறங்கியவள் இன்று அயலாள் ஆகிவிடுகிறாள். கதைப்படி வேற்றூரிலிருந்து வந்து, பேச ஆளில்லாமல் ஓர் அரண்மனையில் அடைபட்டவள் என்பதால், அந்த மொழி அவளுடைய தனிமைக்கும் அடையாளம். அச்சமும் இரக்கமும் ஒரே இடத்தில் பிறப்பதால்தான் அந்த நடனக் காட்சி இன்றும் நினைவில் நிற்கிறது.

வீட்டுக்குள் வந்த அச்சம்

2009இல் வெளியான இரண்டு படங்கள் மாளிகையை விட்டு அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பேயைக் கொண்டுவந்தன. விக்ரம் குமாரின் ‘யாவரும் நலம்’ படத்தில் ஒரு குடும்பம் கடன் வாங்கிப் பதின்மூன்றாம் மாடியில் வீடு வாங்குகிறது. பால் திரிகிறது, மின்தூக்கி வீட்டுக்காரருக்கு மட்டும் இயங்க மறுக்கிறது, தொலைக்காட்சித் தொடரில் வரும் குடும்பத்துக்கு நடப்பதெல்லாம் இவர்களுக்கும் நடக்கிறது. வெள்ளைச் சேலைக்கு இங்கே வேலையே இல்லை. நாள்தோறும் பார்க்கும் பொருள்களே அச்சமூட்டுகின்றன.

அறிவழகனின் ‘ஈரம்’ படத்தில் தண்ணீரே பேயின் வடிவம். மழைத்துளி, ஒழுகும் குழாய், ஈரத் தரை என எதைக் கண்டாலும் அஞ்ச வேண்டியிருக்கிறது. இறந்த பெண்ணின் நடத்தையைப் பற்றி அக்கம்பக்கத்தார் பேசிய புறம், அதை நம்பிய கணவனின் ஐயம் ஆகியவைதாம் அவளைக் கொன்றன. ‘நெஞ்சம் மறப்பதில்லை’யில் ஜமீன்தார் இருந்த இடத்தில் இங்கே கணவன் இருக்கிறான். காக்க வேண்டியவனே கொன்றான் என்பதுதான் இப்படத்தின் உண்மையான திகில்.

சிரிப்பும் முறையீடும்

பரணிப் பேய்களின் வழித்தோன்றல்கள் எனத்தக்க நகைச்சுவைப் பேய்கள் 2010களில் பெருகின. ராகவா லாரன்ஸ் இயக்கிய ‘காஞ்சனா’ (2011) அவற்றுள் குறிப்பிடத்தக்கது. பேய்க்கு அஞ்சித் தாயின் பின்னால் ஒளியும் இளைஞனின் உடலில் காஞ்சனா என்னும் திருநங்கையின் ஆவி புகுகிறது. சரத்குமார் ஏற்ற அந்தப் பாத்திரம், மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்தைச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் பறித்துக்கொண்டதை எதிர்த்ததால் கொல்லப்பட்டவர். மக்களைக் காக்கும் பொறுப்பில் இருந்தவரே கொலைகாரர். முற்பாதியில் சிரித்த அரங்கு, பிற்பாதியில் பேயின் பக்கம் சேர்ந்துகொள்கிறது.

மிஷ்கினின் ‘பிசாசு’ (2014) இன்னும் ஓர் அடி முன்னே செல்கிறது. சாலை விபத்தில் அடிபட்ட பெண்ணைக் காப்பாற்ற முயல்கிறான் ஓர் இளைஞன். அவள் அவன் கையைப் பிடித்தபடியே இறந்து, அவன் வீட்டில் ஆவியாகத் தங்குகிறாள். அவன் அஞ்சி விரட்டப் பார்க்கிறான். அவளோ அவனைக் காக்கிறாள். விபத்துக்குக் காரணமான வண்டியை ஓட்டியது யார் என்று தேடிப் போனால், அது அவனே. அந்த நொடியில் அச்சம் பேயிடமிருந்து விலகி, தேடியவனிடமே திரும்புகிறது.

முடிவு

இருட்டு, ஒலி, காத்திருத்தல் ஆகிய மூன்றும் அச்சத்தின் கருவிகள். காணாத ஒன்றை மனம் தானே பெரிதாக்கிக்கொள்ளும் என்பதால் இவை எப்போதும் வேலை செய்யும். ஆனால் கருவிகள் தரும் அச்சம் விளக்குப் போட்டதும் போய்விடும். நிலைத்து நிற்கும் படங்களில் அணங்கின் பின்னே ஒரு கள்வரோ இறையோ இருப்பதைப் பார்த்தோம். தந்தை, அரசன், கணவன், மக்கள் பிரதிநிதி என உருவம் மாறினாலும் குற்றம் ஒன்றுதான்: காக்க வேண்டியவர் காக்கவில்லை. வழக்கு மன்றத்தில் வாய் திறக்க முடியாமல் போனவர் பேயாக வந்து முறையிடுகிறார்.

அடுத்த முறை திகில் படம் பார்க்கும் மாணவர்கள் ஒரு சிறு பயிற்சி செய்யலாம். பேய் எப்போது வரும் என்று எண்ணுவதோடு, அது யாரிடம் வருகிறது, ஏன் வருகிறது, படம் முடியும்போது யார் பொறுப்பேற்கிறார்கள் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பழையனூரில் எழுபது பேர் பொறுப்பேற்றார்கள். பேயை ஓட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகும் படங்களில் அப்படி ஒருவராவது இருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள்.