டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளின் மொழி வளர்ச்சி

21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைவதால் வருவது டவுன் சிண்ட்ரோம். இக்குழந்தைகள் புரிந்துகொள்ளும் அளவுக்கு அவர்களுக்குப் பேச வருவதில்லை. பேசாததால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவுகட்டுவது பெரும் அநியாயம். வாய்த் தசைகளின் தளர்வு, கேட்டதை நினைவில் நிறுத்துவதில் சிரமம், நடுக்காதில் நீர் கோத்துச் செவித்திறன் மங்குதல் ஆகியவையே பேச்சு பின்தங்கக் காரணங்கள். எனவே காதுப் பரிசோதனையே முதல் வேலை. அதை ஒருமுறையோடு விடவும் கூடாது.

கண்ணால் பார்ப்பது இவர்கள் மனதில் நன்றாகப் பதியும். டம்ளரைக் காட்டி, ‘பால்’ என்று சொல்லிக்கொண்டே கையால் சைகையும் செய்துவந்தால், சொல் வருமுன்பே குழந்தை அந்தச் சைகையால் பால் கேட்கும். 1970களில் பிரிட்டனில் மார்கரெட் வாக்கர் உருவாக்கிய மக்காட்டன், இப்படிப் பேச்சோடு சைகையை இணைக்கும் முறை. சைகை பேச்சைத் தடுக்கும் என்ற அச்சம் வீண். பேச்சு வளர வளரச் சைகை தானாக உதிரும்.

வாசிப்பும் பேச்சுக்கு ஏணி. 1980 முதல் பிரிட்டனின் போர்ட்ஸ்மத்தில் சூ பக்லி மேற்கொண்ட ஆய்வுகளில், சரளமாகப் பேச வருமுன்பே சில குழந்தைகள் அட்டையில் எழுதிய சொற்களை அடையாளம் கண்டனர்.

வீட்டில், குழந்தை ‘பந்து’ என்றால் ‘பெரிய பந்து’ என ஒரு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்லலாம். பிறகு, மனதுக்குள் பத்து எண்ணும் வரையாவது, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும்.