மாறாத தளிகை

ஸ்ரீரங்கம் பெரிய கோயில் மடைப்பள்ளியில் நேற்று அடுப்பேறிய மண்பானை இன்று ஏறாது. தினமும் புதுப்பானை. பானைதான் புதிது, தளிகை எனப்படும் பெருமாள் சமையலின் முறை பழையது. மிளகாய் போர்த்துக்கீசியர் வழியாக வந்து ஊர் முழுக்க அதன் காரத்துக்கு மாறிய பிறகும் பெருமாளுக்கு மிளகுதான். உருளைக்கிழங்கும் தக்காளியும் உள்ளே நுழையவே இல்லை. பெருமாளை நேசித்து வந்ததாக நம்பப்படும் சுல்தான் மகள் துலுக்க நாச்சியாரை முன்னிட்டு ரொட்டியும் வெண்ணெயும், இரவில் அரவணை என்னும் இனிப்பு அமுது என்று எல்லாம் வகுத்தபடியே நடக்கிறது.

அதே வளாகத்தில் மருத்துவக் கடவுளான தன்வந்திரிக்குச் சன்னிதி இருக்கிறது. சிதைந்து கிடந்த ஆரோக்கியசாலை என்ற மருத்துவமனையைக் கருடவாகன பட்டர் புதுப்பித்து, தன்வந்திரியை எழுந்தருளச் செய்ததை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. இரவில் பெருமாளுக்குக் கஷாயமும் உண்டு. சாப்பிட்டது செரிக்க வேண்டுமே என்ற கரிசனம் சுவாமி வரைக்கும் போயிருக்கிறது.

அந்தக் கரிசனம் ஆட்டிசம் உள்ள பிள்ளையிடம் வரும்போது சுருங்கிவிடுகிறது. அந்தப் பிள்ளைக்குத் தாளிக்காத தயிர்சாதம், அதுவும் அதே கிண்ணத்தில்தான் வேண்டும். ஒரே ஒரு கடுகு கண்ணில் பட்டாலும் கிண்ணம் நகர்ந்துவிடும். அப்பளத்தின் மொறுமொறுப்பு பிடிக்கும், கூட்டின் குழைவு குமட்டும். பார்ப்பவர்கள் அடம் என்கிறார்கள். “பசிச்சா தானா சாப்பிடும்” என்பார்கள். அடுத்த வார்த்தை அம்மாவின் வளர்ப்பைப் பற்றியதாக இருக்கும். காவிரி வெள்ளத்தில் தாய் வர முடியாமல் தவித்த பெண்ணுக்கு ஈசனே தாயாக வந்தார் என்று தாயுமானவரைக் கும்பிடும் திருச்சியிலும் பழி தாய்க்குத்தான்.

இந்தப் பழிக்கு உலக அளவில் ஒரு வரலாறு உண்டு. 1943இல் பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசத்தைத் தனியாக அடையாளம் காட்டியது. அவர்களில் பலருக்குக் கைக்குழந்தைப் பருவத்திலேயே உணவு பெரும்பாடாக இருந்தது. கட்டுரையின் முதல் குழந்தையான டொனால்டுக்கு மற்ற பிள்ளைகள் மிட்டாயும் ஐஸ்கிரீமும் தின்பதைப் பார்த்தும் ஆசை வரவில்லை. எதுவும் மாறக் கூடாது என்ற அவர்களின் தவிப்பையும் கானர் கூர்ந்து பதிவு செய்தார். அப்படிப்பட்டவரே 1949இல் பெற்றோரின் குளிர்ந்த மனத்தைச் சுட்டிக்காட்டியது பெரிய துயரம். 1967இல் புரூனோ பெட்டல்ஹைமின் நூல் அந்தப் பழியை வீடுவீடாகக் கொண்டுபோனது. ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட், இது மூளை வளர்ச்சி சார்ந்தது என்று 1964லேயே வாதிட்டிருந்தார். 2013இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் கையேட்டில், தினமும் ஒரே உணவை நாடுவது ஆட்டிசத்தின் அடையாளங்களுக்கு ஓர் எடுத்துக்காட்டாகவே இடம்பெற்றது. மணம், ஒலி, தொடுஉணர்வு ஆகியவற்றின் மிகையும் குறையும் அதில் சேர்ந்தன.

கோயிலில் மாறாதது சம்பிரதாயம், பிள்ளையிடம் மாறாதது உடம்பின் தேவை. காரணம் வேறு என்றாலும், மாறாத சாப்பாட்டுக்கு ஒரு நியாயம் இருக்கக்கூடும் என்பது ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டிய விஷயமல்ல.

அதற்காகக் கவலையே வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியாது. பழமும் காய்கறியும் அடியோடு ஒதுக்கிய பிள்ளைகளுக்கு வைட்டமின் சி குறைந்து ஸ்கர்வி வந்து, கால்வலியில் நடக்க முடியாமல் போனது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பல்வலி, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல் இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, பிடித்த உணவைப் பிடுங்காமல், புதியதை ஒரு துளி பக்கத்தில் வைத்து, தொடுவதையும் முகர்வதையும் பிள்ளையின் போக்கில் விடுவதே பயிற்சியாளர்கள் சொல்லும் வழி. அதற்கு வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அதுவரை அந்தத் தயிர்சாதம் தாளிக்காமலே இருக்கட்டும்.