பதினைந்து மெகாடன்னும் ஒரு மீன்பிடிப் படகும்

அணு ஆயுதங்களின் அளவைச் சொல்லக் கிலோடன், மெகாடன் என்று இரண்டு சொற்கள் புழக்கத்தில் உள்ளன. ஆயிரம் டன் டி.என்.டி. வெடிமருந்து ஒரு கிலோடன். பத்து லட்சம் டன் என்றால் மெகாடன். நெடுஞ்சாலைத் துறையில் இருந்த காலத்தில் கல் குவாரிகளில் வெடி வைப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பாறையில் துளை போட்டுச் சில கிலோ மருந்தைத் திணித்தாலே சிவப்புக் கொடி காட்டி இரு பக்கமும் ஆட்களை நிறுத்திவிடுவார்கள். அந்தக் கணக்கில் பழகியவனுக்கு ஒரு டன் என்பதே பெரிய விஷயம்.

ஹிரோஷிமாவில் வெடித்தது ஏறக்குறைய 15 கிலோடன். லாரிக்குப் பத்து டன் வீதம் ஏற்றினால் 1,500 லாரிகள். 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலில், மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த பிகினி பவளத்தீவில் அமெரிக்கா வெடித்துப் பார்த்த 'பிராவோ' ஹைட்ரஜன் குண்டு 15 மெகாடன். அதாவது 15 லட்சம் லாரிகள்! ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் 15,000 கி.மீ. கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகருக்கு இரண்டு முறை போய்த் திரும்புகிற நீளம்.

ஆனால் இந்த எண்ணை வைத்துக்கொண்டு, ஹிரோஷிமாவைப் போல ஆயிரம் மடங்கு தூரத்துக்கு அழிவு என்று நினைத்துவிடக் கூடாது. வெடிப்பின் அதிர்ச்சி அலை எல்லாத் திசையிலும் பரவுவதால், அது எட்டும் தூரம் சக்தியின் கனமூலத்தைப் பொறுத்தே கூடும். சக்தி ஆயிரம் மடங்கானால் தூரம் பத்து மடங்கு. ஹிரோஷிமாவில் சுமார் 2 கி.மீ. சுற்றளவுக்குக் கட்டடங்கள் தரைமட்டமாயின என்றால், பிராவோவுக்கு 20 கி.மீ. என்று வரும். அதுவே பயங்கரம்தான், சந்தேகமில்லை. என்றாலும் காகிதத்தில் போட்டுப் பார்த்து முடித்துவிடக்கூடிய கணக்கு. அந்த நாள் அந்தக் கணக்கோடு முடியவில்லை.

முதலாவதாக, விஞ்ஞானிகள் எதிர்பார்த்தது சுமார் 6 மெகாடன்தான். எரிபொருளாக வைத்த லித்தியத்தில் ஒரு வகை வேலை செய்யும், மற்றது சும்மா கிடக்கும் என்று நம்பினார்கள். வேகமான நியூட்ரான்கள் தாக்கியபோது அந்தச் 'சும்மா கிடக்கும்' லித்தியமும் உடைந்து டிரிட்டியத்தைத் தந்தது. குண்டு இரண்டரை மடங்காகப் பெருத்துவிட்டது.

இரண்டாவது காரணம்தான் முக்கியம். ஹிரோஷிமா குண்டு சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. தீக்கோளம் தரையைத் தொடவில்லை. பிராவோவை வைத்தது பவளப்பாறை மேல். ஏழு கி.மீ. அகலமுள்ள தீக்கோளம் பாறையையும் மணலையும் ஆவியாக்கி உறிஞ்சிக்கொண்டு மேலே போயிற்று. கீழே இரண்டு கி.மீ. அகலத்தில் பள்ளம் விழுந்தது. மேலே போனது கதிரியக்கத்தோடு சேர்ந்து வெள்ளைச் சாம்பலாகக் காற்றோடு கிழக்கே நகர்ந்தது.

கிழக்கே சுமார் 140 கி.மீ. தூரத்தில் ஜப்பானின் யாய்சு துறைமுகத்தைச் சேர்ந்த 'ஐந்தாம் அதிர்ஷ்ட டிராகன்' என்ற மீன்பிடிப் படகு சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது. பெயரைப் பாருங்கள்! அறிவிக்கப்பட்ட ஆபத்து எல்லைக்கு வெளியேதான் அவர்கள் இருந்தார்கள். 23 பேர். விடியும் முன்பே மேற்கில் சூரியன் உதித்ததுபோல் வெளிச்சம். சத்தம் வந்து சேர ஏழெட்டு நிமிடமாயிற்று. அதிர்ச்சி அலையால் படகுக்கு ஒரு சேதமும் இல்லை. சில மணி நேரம் கழித்துச் சாம்பல் கொட்டத் தொடங்கியது. தலையிலும் தோளிலும் படிந்ததைத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்தார்கள். மார்ச் 14 அன்று கரை சேர்ந்தபோது தோல் கறுத்து, முடி கொட்ட ஆரம்பித்திருந்தது. வானொலி இயக்குநர் குபோயாமா ஐகிச்சி செப்டம்பர் 23 அன்று இறந்தார். வயது 40.

அமெரிக்க அணுசக்தி ஆணையத் தலைவர் லியூயிஸ் ஸ்ட்ராஸ் மார்ச் 31 அன்று நிருபர்களைச் சந்தித்தார். படகு ஆபத்து எல்லைக்குள் இருந்திருக்க வேண்டும் என்றார். தோல் புண்களுக்குக் கதிரியக்கத்தைவிடப் பவளச் சுண்ணாம்பே காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னார். எவ்வளவு பெரிய குண்டு செய்ய முடியும் என்று கேட்டார்கள். ஒரு நகரத்தை அழிக்கும் அளவுக்கு என்றார். நியூயார்க்கையா என்று கேட்டதற்கு, ஆமாம் என்றார். செய்தித்தாள்களுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கு அந்தச் சுண்ணாம்பு விளக்கம்தான் மறக்க முடியாதது. இரண்டே நாளில், ஏப்ரல் 2 அன்று, நேரு மக்களவையில் பேசி, இத்தகைய சோதனைகளையாவது நிறுத்திவைக்க ஓர் உடன்பாடு வேண்டும் என்றார். வளிமண்டலச் சோதனைகளுக்குத் தடை வர 1963 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ரகசியத்தை உடைத்ததும் அந்தச் சாம்பல்தான். ஜப்பானிய விஞ்ஞானிகள் அதைப் பிரித்துப் பார்த்ததில் யுரேனியம்-237 கிடைத்தது. அவர்களில் ஒருவரான நிஷிவாக்கி தந்த விவரங்களைக் கொண்டு லண்டனில் இருந்த ஜோசப் ராட்பிளாட் கணக்குப் போட்டார். சக்தியில் பெரும்பகுதி ஹைட்ரஜன் இணைவால் வந்ததல்ல, வெளி உறையாக இருந்த யுரேனியம் பிளந்ததால் வந்தது என்று கண்டார். பின்னர் வெளியான விவரப்படி 15இல் சுமார் 10 மெகாடன். அத்தனை சாம்பலின் நஞ்சும் அங்கிருந்துதான். 1955 பிப்ரவரியில் ஆணையமே 7,000 சதுர மைல் பரப்பு ஆபத்தான அளவுக்கு மாசுபட்டதாக ஒப்புக்கொண்டது. 

படகில் இருந்தவர்களை உலகம் அறிந்தது. ரோங்கலாப் தீவுக்காரர்களை அவ்வளவாக அறியவில்லை. அங்கே 64 பேர், பக்கத்துத் தீவுக்குப் போயிருந்தவர்கள் 18 பேர். குழந்தைகள் வெள்ளைப் பொடியில் விளையாடினார்கள். அருகில் ரோங்கெரிக் தீவில் வானிலை பார்த்துக்கொண்டிருந்த 28 அமெரிக்கப் படையினரை மறுநாளே அழைத்துப்போய்விட்டார்கள். ரோங்கலாப்புக்குக் கப்பல் வர இரண்டு நாளாயிற்று. 1957இல் ஆபத்தில்லை என்று சொல்லித் திரும்பக் குடியேற்றினார்கள். அன்று சாம்பலில் விளையாடிய குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பின்னாளில் தைராய்டு கட்டிகள் வந்தன.

1985இல் அந்த மக்கள் தாங்களாகவே கிளம்ப முடிவு செய்தார்கள். கிரீன்பீஸ் அமைப்பின் 'ரெயின்போ வாரியர்' கப்பல், முந்நூறுக்கும் மேற்பட்டவர்களைப் பல நடையாக மெஜாட்டோ என்ற சிறு தீவுக்கு ஏற்றிச் சென்றது. வீடுகளைப் பிரித்து மரத்தையும் தகரத்தையும் கூடவே எடுத்துப் போனார்கள்.