ஸுபைர் (ரழி) அவர்களின் கடனும் நான்கு ஹஜ்ஜும்

எங்கள் ஊரில் வாப்பா மௌத்தாகி நாற்பதாம் கத்தம் முடியுமுன்னமே காணி உறுதிகள் வெளியே வந்துவிடும். "மையித்துக்குக் கடன் இருக்கா?" என்று கேட்பவர்தான் குறைவு. வஸிய்யத்தும் கடனும் தீர்ந்த பிறகே பங்கு என்பதை அந்நிஸா அத்தியாயம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. அதை ஒரு மகன் நடத்திக் காட்டிய விதம் ஸஹீஹுல் புகாரியில் விரிவாகப் பதிவாகியுள்ளது.

ஹிஜ்ரி 36இல் (கி.பி. 656) ஜமல் யுத்த நாளன்று ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரழி) மகன் அப்துல்லாஹ்வைக் கூப்பிட்டு, தமது கடனை அடைக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். பின்னர் கொல்லப்பட்டார். காசாக எதுவுமில்லை. காணிகளும் வீடுகளுமே இருந்தன. மதீனாவில் மட்டும் 11 வீடுகள். கடனோ 22 இலட்சம். ஊதாரித்தனமாகச் செலவழித்துப் பட்ட கடனல்ல அது. அமானிதம் வைக்க வந்தவர்களிடம், தொலைந்துவிடப் பயமாயிருக்கிறது, கடனாகவே தாருங்கள் என்று வாங்கியது. அமானிதம் கவனயீனமின்றித் தொலைந்தால் பொறுப்பில்லை; கடன் தொலைந்தாலும் கடன்தான். தெரிந்தே சுமந்திருக்கிறார்.

கடன் எவ்வளவென்று ஹகீம் இப்னு ஹிஸாம் (ரழி) கேட்டபோது அப்துல்லாஹ் ஒரு இலட்சம் என்றே சொன்னார். அதற்கே உங்கள் சொத்துக் காணாதே என்றார் ஹகீம். வஸீயாக நியமிக்கப்பட்டவர் தன் கைக்காசைப் போட்டு அடைக்க வேண்டுமென்று ஃபிக்ஹில் சட்டமில்லை. மையித்தின் சொத்து எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் பொறுப்பு. ஆகவே சொத்தை நல்ல விலைக்கு விற்பதில்தான் எல்லாம் தங்கியிருந்தது. தகப்பனார் 1,70,000க்கு வாங்கிய அல்-காபா காணியை 16 பங்காக்கி, பங்கு ஒரு இலட்சமாக விற்றார் மகன். 4 இலட்சம் வரவேண்டியிருந்த அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரழி) கடனை விட்டுத்தரவே முன்வந்தார். மகன் இணங்கவில்லை, அந்தக் காணியிலேயே நிலம் அளந்து கொடுத்தார்.

கடனெல்லாம் தீர்ந்தது. சகோதரர்கள் பங்கு கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அப்துல்லாஹ் மறுத்துவிட்டார். பஸ்ராவிலும் கூஃபாவிலும் மிஸ்ரிலும் வீடு வைத்திருந்தவருக்கு எந்த ஊரில் யார் கடன் கொடுத்தார் என்று யார் கண்டது? எல்லா ஊராரும் கூடும் ஹஜ்ஜில், ஸுபைரிடம் கடன் வரவேண்டியவர்கள் வாருங்கள் என்று நான்கு வருடம் அறிவித்தார். இன்று மரணசாதன வழக்குக்குப் பத்திரிகையில் அறிவித்தல் போடுகிறோமே, அதுபோல.

அதன்பிறகே பங்கு பிரிந்தது. நான்கு மனைவியருக்கும் ஆளுக்கு 12 இலட்சம். (அறிவிப்பில் வரும் மொத்தத் தொகை இந்தக் கணக்கோடு பொருந்தாது, இப்னு ஹஜர் அதை ஆராய்ந்திருக்கிறார்.) அதுவரை அந்த விதவைகளும் காத்துத்தான் இருந்தார்கள்.