நாள் குறித்தது தாயா, குட்டியா?

செம்மறியாடு ஏறத்தாழ 147 நாள் சினை சுமக்கிறது. சில நாள் முன்பின்னாகலாம், அவ்வளவே. இந்தக் கணக்கை வைத்திருப்பது யார்? தாய் என்றே நம்மில் பெரும்பாலோர் விடை சொல்வோம். கருவறையில் உணவு போதாமற் போகும்போது குழந்தையே உதைத்துக்கொண்டு வெளியேறுகிறது என்று கிரேக்கத்து ஹிப்போகிரட்டீஸ் மரபினர் எழுதி வைத்தனர். அதைப் பழங்கற்பனை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அதில் பாதி உண்மை உண்டென்று 20ஆம் நூற்றாண்டில் ஆடுகள் காட்டிக்கொடுத்தன. (ஆட்டின் இளமைக்குத் தொல்காப்பிய மரபியல் தரும் பெயர் ‘மறி’. நாம் இன்றைய வழக்கை ஒட்டிக் குட்டி என்றே எழுதுகிறோம்.)

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து மலைமேய்ச்சல் நிலங்களில் சில ஆடுகள் ஒற்றைக்கண் குட்டிகளை ஈன்றன. 1950களில் வேளாண்துறை ஆய்வாளர்கள் காரணம் தேடத் தொடங்கினர். சினையின் 14ஆம் நாளை ஒட்டி வெராட்ரம் என்னும் நச்சுச்செடியை மேய்ந்த ஆடுகளுக்கே இது நேர்ந்தது. நமக்கு முதன்மையானது கண் அன்று. அக்குட்டிகளுள் சில, நாள் கடந்தும் பிறக்காமல் வயிற்றிலேயே பெருத்துக்கொண்டிருந்தன. மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அவற்றுக்குச் சிதைந்தோ இல்லாமலோ இருந்தது. நஞ்சைத் தின்றது தாய். கெட்டது குட்டியின் தலை. தவறியது பேற்றின் நாள்.

இந்தத் தடயத்தின் பொருளைச் சோதித்துப் பார்த்தவர் கிரஹாம் லிகின்ஸ். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் தேசிய மகளிர் மருத்துவமனையில் பணியாற்றிய மகப்பேறு மருத்துவர். குறைமாதப் பிறப்பு ஏன் நேர்கிறது என்பதே அவரை அலைக்கழித்த வினா. கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில், கால்நடை மருத்துவ ஆய்வாளர்களோடு சேர்ந்து, கருவிலிருந்த குட்டியின் பிட்யூட்டரியை மின்சூட்டால் அழித்தார். சினை நீண்டுகொண்டே போனது. 1967இல் அது அச்சேறியது. அடுத்த ஆண்டு மறுதலையான சோதனை வெளிவந்தது. கருவிலுள்ள குட்டிக்குள் கார்ட்டிசாலையோ, அதைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோனையோ செலுத்தினால், உரிய காலத்துக்கு முன்பே பேறு தொடங்கிவிடுகிறது.

பின்னர் வந்த ஆய்வுகள் இடைப்பட்ட படிகளை நிரப்பின. சினைக்காலம் முழுதும் கருப்பையை அடக்கி வைத்திருப்பது புரோஜெஸ்டிரோன். ஆட்டில், சினையின் முதல் இரண்டு மாதம் கழிந்தபின் அதைப் பெரும்பாலும் நஞ்சுக்கொடியே சுரக்கிறது. கடைசி இரு வாரங்களில் குட்டியின் அட்ரீனல் சுரப்பி முதிர்ந்து கார்ட்டிசாலைப் பெருக்குகிறது. அது நஞ்சுக்கொடியில் ஒரு நொதியைக் கிளர்த்த, புரோஜெஸ்டிரோன் ஈஸ்ட்ரோஜனாகும் வழியில் திருப்பப்படுகிறது. ஒன்று சரிய மற்றொன்று ஏறுகிறது. புரோஸ்டாகிளாண்டின் பெருகிக் கருப்பை இறுகத் தொடங்குகிறது. ஆக, நாள் குறிப்பது குட்டி.

மனிதத் தாய்க்கோ இது அப்படியே பொருந்தவில்லை. பேற்றுக்கு முன் பெண்ணின் குருதியில் புரோஜெஸ்டிரோன் ஆட்டில் சரிவதுபோல் சரிவதில்லை. லிகின்ஸ் தேடிப்போன விடை, அவர் யாருக்காகத் தேடினாரோ அவர்களுக்குக் கைகூடவில்லை.

வேறொன்று கைகூடியது. ஹார்மோன் செலுத்தப்பட்டு மிக முன்னதாகப் பிறந்த குட்டிகளுள் சில, இறந்துபோயிருக்க வேண்டியவை, மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. அறுத்துப் பார்த்தபோது நுரையீரல் ஓரளவு விரிந்திருந்தது. அந்த ஹார்மோன் நுரையீரலையும் முன்கூட்டிப் பக்குவப்படுத்திவிட்டது என்று 1969இல் அவர் எழுதினார். தோற்ற சோதனையின் ஓரத்தில் கிடந்த இந்தக் குறிப்பைக் கண்டுகொண்ட கண்ணையே நாம் பெரிதாக மதிக்கிறோம். அன்று முதிராத நுரையீரல் எத்தகைய எமன் என்பதற்கு ஒரு சான்று போதும். 1963 ஆகஸ்டில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் ஐந்து வாரத்துக்கும் மேல் முன்னதாகப் பிறந்து, இரண்டே நாளில் மூச்சுத்திணறி இறந்தான். நாட்டின் தலைவராலும் காப்பாற்ற முடியவில்லை.

லிகின்ஸும் குழந்தை மருத்துவர் ராஸ் ஹோவியும் ஆக்லாந்தில் 282 தாயரிடம் சோதனை நடத்தினர். ஒரு பகுதியினருக்குப் பீட்டாமெத்தசோன் ஊசி, மறுபகுதியினர் ஒப்பீட்டுக்கு. 1972இல் முடிவு வெளியானது. குழந்தைகளின் மூச்சுத்திணறல் நோய் 25.8 விழுக்காட்டிலிருந்து 9.0 ஆகவும், பிறந்த சில நாட்களுக்குள் நேரும் இறப்பு 15.0இலிருந்து 3.2 ஆகவும் குறைந்திருந்தன.

இதன்பின் நடந்ததுதான் நம்மை உறுத்துகிறது. பிற நாடுகளின் சோதனைகளும் பெரும்பாலும் அதையே சொல்லின, ஊசியோ மலிவானது. ஆயினும் 1990களின் தொடக்கத்தில்கூட அமெரிக்காவில் அது தேவைப்பட்ட தாயருள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவாகவே கிடைத்துவந்தது. 1994இல்தான் அந்நாட்டுத் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய குழு அதை வெளிப்படையாகப் பரிந்துரைத்தது. மருத்துவச் சான்றுகளைத் தொகுப்பதற்கென 1993இல் உருவான காக்ரேன் அமைப்பு இதையே தன் சின்னமாக வரைந்துகொண்டது. அதில் காணும் ஏழு கிடைக்கோடுகளும் இந்த ஊசியைச் சோதித்த ஏழு ஆய்வுகள். நடுவில் நிற்கும் செங்குத்துக் கோட்டுக்கு இடப்புறம் விழுந்திருக்கும் சிறு வைரக்குறி, அவை அனைத்தும் சேர்ந்து சொன்ன விடை.